காலை ஏழு மணி பாட்டில்

2007-ம் வருடம், மழைக்காலம் தொடங்கிய சமயம். நாங்கள் செகந்திராபாத்தை அடுத்த சைனிக்புரியில் குடியிருந்தோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் ஹைதராபாத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். ஒரே மகள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் இருப்பவர்களின் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போனிலேயே கேட்டுச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அங்கே பகல் என்றால் இங்கே இரவு. சாயங்காலம் ஆறரைக்குக் கம்பெனி கேப் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடும். சாப்பிட்டு எட்டரைக்குப் படுத்தால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பாள்.

இதை நான் வெளியே யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. ‘சாஃப்ட்வேர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அந்த வருடம் அதற்குக் காரணமும் இருந்தது. மாரேட்பள்ளியில் ஒரு நல்ல குடும்பத்திலிருந்து அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். பையனின் அப்பா முதல் தடவை பேசும்போதே, “நைட் ஷிப்ட் அது இதெல்லாம் இல்லையே பிரதர்?” என்று கேட்டார். “இல்லீங்க, பகல் வேலைதான்” என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஷிப்டை மாற்றிக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. “என்னத்துக்குங்க இந்தப் பொய்? நாளைக்கு அவங்க வாசல்லயும் கேப் வந்து நிக்கும்லா?” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

மகளுக்கு உடம்பு சரியில்லை என்று எங்களுக்குத் தெரிந்ததே தாமதமாகத்தான். அடிக்கடி பாத்ரூம் போனாள். எரிச்சல் இருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். கேப்பில் ஒன்றரை மணி நேரம் வர வேண்டுமே என்று அடக்கி அடக்கி வந்திருக்கிறாள், அதனால் வந்த தொற்று என்று நாங்களே முடிவு கட்டினோம். பக்கத்துத் தெரு டாக்டர் மூன்று முறை மாத்திரை மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நாலு நாள் குறையும், மறுபடி வரும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கின்றன, ஆனால் கிருமி எதுவும் வளரவில்லை என்றே ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சொன்னது. உடம்பு இளைத்தது. நைட் ஷிப்டில் யார்தான் குண்டாவார்கள் என்று அதையும் விட்டுவிட்டோம்.

கடைசியில் செகந்திராபாத்தில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் போனோம். அவர் தெலுங்குக்காரர், அதிகம் பேசாதவர். கேள்விகளை என் மகளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் எல்லாம் நான்தான் சொன்னேன். எப்போதிலிருந்து, எத்தனை நாள் ஜுரம், என்ன வேலை, எல்லாவற்றுக்கும் நானே. “சாஃப்ட்வேர் சார்” என்றேன். மகள் ஒருமுறை வாயைத் திறந்தாள். நான் அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டேன்.

பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டிபியாக இருக்கலாம், பார்த்துவிடலாம்” என்றார். “அவளுக்கு இருமலே கிடையாதே சார்” என்றேன். நுரையீரலில் மட்டும்தான் வரும் என்பதில்லை, சிறுநீரகத்திலும் வந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும் என்று விளக்கினார். கல்ச்சர் வைத்துக் கிருமி வளர்வதைப் பார்க்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஆனால் இப்போது சிறுநீரிலேயே கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை வந்திருக்கிறது, சில நாளில் தெரிந்துவிடும், டிபி கிருமியா அதே இனத்தைச் சேர்ந்த வேறு கிருமியா என்பதையும் காட்டும் என்றார். இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்து மூன்று நாள், தூங்கி எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

அவர் எழுதிக் கொடுத்த லேப் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. காலை ஏழிலிருந்து பத்து மணி வரைதான் மாதிரி வாங்குவார்கள். வீட்டில் இதை வைத்துப் பெரிய பேச்சு நடந்தது.

“மத்தியானம் எழுந்ததும் பிடிச்சு வச்சு மறுநாள் காலையில கொண்டு போனா என்னங்க?”

“எங்க வைப்ப? பிரிட்ஜ்லயா?”

“ஐயோ, தயிர் பக்கத்துலயா? வேண்டவே வேண்டாம்.”

மகள் சோபாவில் சாய்ந்தபடி சிரித்தாள். “நக்கோம்மா, நக்கோ! வேண்டாம்! அப்புறம் அப்பா மோர்னு நினைச்சுக் குடிச்சிடுவார்.” அந்த நிலைமையிலும் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது நான் தீர்மானம் செய்திருந்தேன். அவள் கேப்பில் வந்து இறங்கியதும், படுக்கப் போகும் முன்னால் பிடித்துக் கொடுக்கட்டும். காலை முதல் சிறுநீர் என்றால் காலையில் வருவதுதானே? கிருமி இருந்தால் எப்போது எடுத்தாலும் இருக்கத்தானே செய்யும்?

முதல் நாள் பாட்டிலை ஒரு டிபன் பையில் வைத்து ஸ்கூட்டரில் தொங்கவிட்டுக்கொண்டு லாலாகுடா வழியாகப் போனேன். கவுண்டரில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இருந்தார். படிவத்தில் மகளின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “தமிழா அங்கிள்? எந்தச் சர்ச்?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தன் சர்ச்சைச் சொன்னார். மாரேட்பள்ளி பையன் வீட்டார் போகிற அதே சர்ச். உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிறே அவர்கள் காதுக்குப் போய்விடும்.

பேனாவை எடுத்துக்கொண்டு அவர் கேட்டார். “ராத்திரி தூங்கி எழுந்ததும் பிடிச்சதுதானே?”

“ஆமாம்மா.”

“மணி?”

“ஆறு.”

எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உண்மையில் அந்தப் பாட்டில் ஏழு மணிக்குப் பிடித்தது. தொற்றுக்கு நல்லது என்று டாக்டர்கள் சொன்னதால் என் மகள் இரவு முழுக்க மேஜையில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களை வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பாள். தூக்கம் வராமல் இருக்கக் காபி வேறு. அரை மணிக்கொரு தரம் பாத்ரூம். நான் கொண்டுபோன பாட்டிலில் இருந்தது கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அதைப் பார்த்து, தெளிவாக இருக்கிறது, நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த இரண்டு நாளும் அதே ஏழு மணிப் பாட்டில், அதே கேள்வி, அதே பதில்.

ஒரு வாரத்தில் டிஎன்ஏ ரிப்போர்ட் வந்தது. மூன்றிலும் எதுவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று யார் பெயரும் சொல்லாமல், ஆண்டவர் ஒரு கஷ்டத்திலிருந்து காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னேன். டாக்டர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “மாதிரி சரியாக எடுத்தீர்களா?” என்று கேட்டார். “எடுத்தோம் சார்” என்றேன். அப்போது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. கல்ச்சர் முடிவும் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். பிறகு அதிலும் எதுவும் வளரவில்லை என்றே வந்தது.

அக்டோபரில் ஒரு மத்தியானம் என் மனைவி தொழிற்சாலைக்குப் போன் செய்தாள். அவள் ஆபீஸ் நம்பருக்குச் சாதாரணமாகக் கூப்பிடமாட்டாள். “பிள்ளைக்கு ரத்தமாப் போகுதுங்க. முதுகு வலின்னு தரையில படுத்திருக்கா. சீக்கிரம் வாங்க” என்றாள். ஜீடிமெட்லாவிலிருந்து வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. அங்கிருந்து கீழே வரும் குழாய் ஓரிடத்தில் சுருங்கிப்போயிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். டிபி மூன்று முறையும் இல்லை என்று வந்துவிட்டதால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்றார். கட்டி என்ற சொல்லை மிக மெதுவாகச் சொன்னார். உள்ளே கருவியை விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், நிலைமை மோசமாக இருந்தால் அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

அப்புறம் அவர் என் மகளிடம் கேட்டார். “ராத்திரியில் தூக்கத்திலிருந்து எத்தனை தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது?”

வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்காமலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். “அந்தப் பெண் சொல்லட்டும்.”

மகள் சாதாரணமாகச் சொன்னாள். “ராத்திரி நான் தூங்கறதே இல்ல டாக்டர். நைட் ஷிப்ட். காலையில எட்டரைக்கு மேலதான் தூங்குவேன்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “அப்படியானால் அந்த மாதிரிகளை எப்போது எடுத்தாய்?”

“வீட்டுக்கு வந்ததும். ஏழு மணிக்கு.”

“தூங்குவதற்கு முன்னாலா?”

“ஹவ்... ஆமா டாக்டர்.”

அவர் லேப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். ‘தூங்கி எழுந்ததும், காலை 6 மணி’ என்று மூன்று நாளும் எழுதியிருந்தது. அதை மேஜையில் வைத்து என் பக்கம் திருப்பினார். என் மகள் படிவத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

தூங்கும்போது சிறுநீர் மணிக்கணக்கில் பையிலேயே தங்கும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கிருமியும் அதில்தான் சேர்ந்து கிடைக்கும் என்று டாக்டர் சொன்னார். கடிகாரத்தில் என்ன மணி என்பது முக்கியமில்லை. இரவெல்லாம் தண்ணீர் குடித்து, அரை மணிக்கொரு தரம் வெளியேற்றிக்கொண்டிருந்தவளின் மாதிரியில் தேடியது, வைக்கோல்போரைக் கலைத்துக் காற்றில் விட்டுவிட்டு அதில் ஊசியைத் தேடியதற்குச் சமம். எனக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தொழிற்சாலையில் என் வேலையே மாதிரி எடுப்பதுதான். எந்தப் பீப்பாயில், எந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதாமல் ஒரு சிட்டிகைப் பொடிகூட வெளியே போகாது. எடுத்த நேரத்தை மாற்றி எழுதிய ஓர் இளம் கெமிஸ்டுக்கு அந்த வருடம்தான் மெமோ கொடுத்திருந்தேன். அவன் கண்ணீரோடு நின்றபோது, “இது யாரோ ஒருத்தர் வாயில் போடுற மருந்துப்பா” என்று பிரசங்கம் வேறு செய்திருந்தேன்.

கருவி விடுவதற்கு முன்னால் சோதனையை மறுபடி செய்துவிடலாம், சிறுநீரகத்தால் இன்னும் ஒரு வாரம், பத்து நாள்தான் காத்திருக்க முடியும் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை நான் தனியாக லேபுக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாரேட்பள்ளிக் குடும்பத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தார்.

“கைக்கு அங்கிள், எதுக்கு இப்படி? நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? எங்ககிட்ட வர்ற நர்ஸுங்க பாதிப் பேர் நைட் டூட்டி. அவங்க எல்லாம் சாயங்காலம்தான் கொண்டு வருவாங்க. நான் வாங்கிக்கிறேன்ல?”

“பத்து மணிக்கு மேல வாங்க மாட்டீங்கன்னு போர்டுல...”

“போர்டு பேசுமா அங்கிள்? நான் பேசுவேன்ல?” என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கி, “நானும் நாலு வருஷம் நைட் டூட்டி பார்த்தவதான். எங்க வீட்டுலயும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவர் சொன்னபடி செய்தோம். மகள் லீவு போடவில்லை. லீவு போட்டு இரவில் தூங்க முயன்றாலும் தூக்கம் வராது என்றாள். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தாள். முடிந்தவரை அடக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளும் நான் அரைநாள் லீவு எடுத்து, அவள் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவினால் ஓடிப்போய் அவரை அடுத்த தெருவுக்குப் போகச் சொன்னேன். மூன்று மணிக்குக் கதவு திறக்கும். வலியில் முகம் சுருங்கியிருக்கும். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவாள். இந்த முறை அது கலங்கலாக, அடர்த்தியாக இருந்தது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் அதை வைத்துக்கொண்டு நாலு மணிக்குள் லேபில் சேர்ப்பேன். படிவத்தை நானே நிரப்பினேன். தூங்கிய நேரம் காலை எட்டே முக்கால். எழுந்த நேரம் மத்தியானம் மூன்று. வேலை: இரவுப் பணி.

நான் தொழிற்சாலையில் இருந்தபோது ரிப்போர்ட்டை அந்தப் பெண் போனிலேயே சொன்னார். “ரெண்டு பாட்டில்ல இருக்கு அங்கிள். டிபிதான்.”

நான் “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக் கை நீட்டினார். தன் மகளுக்குக் காசநோய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெயர் தெரிந்த எதிரி, மருந்து இருக்கிற எதிரி. அந்த நிமிடத்தில் அவ்வளவுதான் தோன்றியது.

சுருங்கிய குழாயில் உடனே ஒரு சிறிய குழலை வைத்தார்கள். மாத்திரைகள் ஆரம்பமாயின. அதில் ஒன்று சிறுநீரைச் செக்கச்செவேல் என்று ஆக்கிவிடும், பயப்படாதீர்கள் என்று லேப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியும் என் மனைவி முதல் நாள் அலறினாள். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு மகள் குணமானாள். சிறுநீரகத்தை எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. ஆனால் இடதுபக்கம் இன்றுவரை பாதிதான் வேலை செய்கிறது. முதலிலேயே சரியாக எடுத்திருந்தால் இது நடந்திருக்காதா என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். “தெரியாது. அப்போதும் கண்ணில் படாமல் போயிருக்கலாம், பட்டிருக்கவும் கூடும்” என்றார். ஆறுதலா, குற்றச்சாட்டா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அவர் உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான்.

மாரேட்பள்ளிக்கு நானே போன் செய்து, நைட் ஷிப்ட், நோய் இரண்டையும் சொன்னேன். பையனின் அப்பா, “ஜெபத்துல வச்சுக்கறோம் பிரதர்” என்றார். அதன்பின் அவர்கள் போன் செய்யவில்லை.

மகள் என்னிடம் சரியாகப் பேச ஆரம்பிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் கேப்புக்காக வாசலில் காத்திருக்கும்போது, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள். “அப்பா, உங்களுக்கு எது வெட்கமா இருந்துச்சு? நான் பண்ற வேலையா, என் வியாதியா?”

இரண்டும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதுவும் பொய்யாகியிருக்கும். கேப் வந்துவிட்டது. “போயிட்டு வர்றேன்ப்பா” என்று சொல்லிவிட்டு ஏறினாள். அவள் ‘அப்பா’ என்று கூப்பிட்டதே போதும் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே அவளே சொல்லி, அவளே தேர்ந்தெடுத்த பையன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்துகொள்கிறாள். முடிவு வந்ததும் போன் செய்து, “எல்லாம் நார்மல்ப்பா” என்கிறாள். உண்மையாகவா, மறைக்காமல் சொல்கிறாயா என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்பதில்லை. அவளுக்காக ஒரு கவுண்டரில் மூன்று நாள் பொய் சொன்னவன், அவள் சொல்வதை நம்பிக்கொண்டு பயத்தோடு இருக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.